அசமன்பாடு: பிள்ளைங்களும் பெத்தவங்களும் அடிக்கடி கேக்குற கேள்விகள்

சிங்கப்பூர் ஈசூன்ல வீட்டுலயே வச்சு செக்கண்டரி பிள்ளைங்களுக்கு கணக்கு சொல்லித் தர்றேன், வருஷா வருஷம் அசமன்பாடு, அதாவது இன்ஈக்குவாலிட்டி பாடம் வந்தாலே வாட்ஸ்அப்ல கேள்வி குவிஞ்சிடும், பாதி பிள்ளைங்க கேக்குறது, பாதி அம்மா அப்பா கேக்குறது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் அனுப்புறத விட எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சுட்டா தேவைப்படும்போது எடுத்துப் படிச்சுக்கலாம்ல, அதான் இது.

அசமன்பாடுன்னா என்ன அக்கா? ஈக்குவேஷன் மாதிரிதானே?

போடுற ஸ்டெப் பாக்குறதுக்கு ஈக்குவேஷன் மாதிரியேதான் இருக்கும், ஆனா கிடைக்கிற விடை வேற. எக்ஸ் + 3 = 10ன்னா எக்ஸ் 7, அதோட முடிஞ்சது. அதுவே எக்ஸ் + 3 > 10ன்னு வந்தா 8 சரி, 100 சரி, 7.01 கூட சரி, ஆனா 7ம் அதுக்குக் கீழ இருக்கிறதும் சரி கிடையாது. அதாவது விடை ஒரு நம்பர் இல்ல, ஒரு நீளமான துண்டு. நம்ம ஊர்ல ஓட்டு போட 21 வயசு ஆயிருக்கணும், 21 ஆனவரும் போடலாம் 90 ஆனவரும் போடலாம், அதை எழுதினா எக்ஸ் ≥ 21. சைக்கிள் பாதையில 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகக்கூடாது, வேகத்தை வின்னு வச்சா அது வி ≤ 25. சட்டம், பட்ஜெட், லிஃப்ட்ல எழுதியிருக்கிற எடை, இதுல எதை எடுத்தாலும் "இவ்வளவுதான் சரியா இருக்கணும்"னு யாரும் சொல்றதில்ல, "இதுக்குள்ள இருக்கணும்"னுதான் சொல்றாங்க, அதனால என்னைக் கேட்டா ஈக்குவேஷனை விட இதுதான் நம்ம அன்றாடத்துக்கு ரொம்ப கிட்ட இருக்கிற கணக்கு.

ஸ்கூல்ல எல்லாம் இங்கிலீஷ்லதான். தமிழ்ல இதுக்கு என்ன பேரு?

தமிழ்நாட்டு பாடப்புத்தகத்துல அசமன்பாடு, இலங்கைல சமனிலி. ரெண்டும் ஒன்னுதான். நம்பர் லைனுக்கு எண் கோடு. பேரு எதுவா இருந்தாலும் பரவால்ல, ஆனா வீட்டுல தமிழ்ல பேசி விளக்குறதுல ஒரு பெரிய லாபம் இருக்கு, கொஞ்சம் கீழ அதை சொல்றேன்.

எந்த வகுப்புல என்ன வரும்?

சின்னங்கள் செக் ஒன்னு (செக்கண்டரி முதல் வருஷம்) பக்கமே எட்டிப் பாத்துடும், நேர்கோட்டு அசமன்பாடு கீழ் செக்கண்டரி முடியுற வாக்குல இருந்து வரும், ஏ மேத்ஸ்ங்கிற கூடுதல் கணக்கு எடுத்தா குவாட்ராட்டிக் (எக்ஸ்² வர்றது), ஜேசில, அதாவது ஜூனியர் காலேஜ்ல, எச்2 லெவல் கணக்கு எடுத்தா பின்னம் வச்சது. 2024ல செக் ஒன்னு போனவங்கள்ல இருந்து எக்ஸ்பிரஸ் நார்மல்ங்கிற பிரிவே கிடையாது, ஜி1, ஜி2, ஜி3ன்னு பாடத்துக்கு பாடம் லெவல் மாறும், அதனால பக்கத்து வீட்டுப் பிள்ளை எங்க இருக்குன்னு பாக்காம உங்க பிள்ளையோட டீச்சர் கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

எந்தப் பக்கம் பெருசு எந்தப் பக்கம் சிறுசுன்னு என் மகனுக்கு இன்னும் குழம்புது

முதலை வாய் பெரிய பக்கம் திறக்கும்னு பிரைமரில சொல்லிக் கொடுத்திருப்பாங்க, அதுவே போதும், மாத்த வேண்டாம். விரிஞ்ச பக்கம் பெருசு, கூரா இருக்கிற பக்கம் சிறுசு. இந்த < > சின்னத்தை முதல்ல அச்சுல பாத்தது 1631ல, தாமஸ் ஹாரியட்ங்கிற இங்கிலாந்துக்காரரோட புத்தகத்துல, அது வந்ததே அவர் செத்து பத்து வருஷம் கழிச்சு. கீழ கோடு போட்ட ≤ ≥ அதுக்கும் நூறு வருஷம் பின்னாடிதான் வந்துச்சு. அந்த ஒரு கோடு "சமமாவும் இருக்கலாம்"னு சொல்லுது, பரீட்சையில அதை விட்டுட்டா மார்க் போயிடும், அதனால ஒவ்வொரு வரியிலயும் அந்தக் கோடு கூடவே இறங்கி வருதான்னு பாக்கணும்.

சம் போடத் தெரியுது, ஆனா கதைக் கணக்கு வந்தா எந்த சின்னம் போடுறதுன்னே தெரியல. அட் லீஸ்ட், அட் மோஸ்ட் எல்லாம் மாறிப் போகுது.

இதைத்தான் மேல சொன்னேன். "அட் லீஸ்ட் 5"ன்னு பாத்ததும் "லீஸ்ட்"ங்கிற சொல் சின்னதுன்னு காதுல விழுந்து பிள்ளை ≤ போட்டுடும், "அட் மோஸ்ட்"டுக்கு ≥ போடும், நான் பாத்த தப்புலயே அதிகமா பாத்தது இதுதான். அதையே தமிழ்ல சொல்லிப் பாருங்க, "குறைஞ்சது அஞ்சு பேராவது வரணும்"னு பாட்டி சொன்னா நாலு பேர் வந்தா பத்தாதுன்னு எந்தப் பிள்ளைக்கும் தெரியும், அஞ்சு வந்தாலும் சரி பத்து வந்தாலும் சரின்னும் தெரியும், அந்த "ஆவது"லயே ≥ உக்காந்திருக்கு. "அஞ்சு வெள்ளிக்கு மேல செலவு பண்ணாத"ன்னா அஞ்சு வெள்ளி வரைக்கும் ஓகே, ≤. "அஞ்சு வெள்ளிக்குள்ள"ன்னாலும் பெரும்பாலும் அதேதான். ஆனா "அஞ்சுக்கும் கம்மி"ன்னா அஞ்சு சேராது, <. எந்தக் கதைக் கணக்கு வந்தாலும் முதல்ல அந்த ஒரு வாக்கியத்தை தமிழ்ல வாய்விட்டு சொல்லு, அப்புறம் அந்த எல்லை நம்பரையே எடுத்து "இது ஓகேவா?"ன்னு கேளு, ஓகேன்னா கோடு உண்டு, இல்லன்னா இல்ல. என்கிட்ட வர்ற பிள்ளைங்க எல்லாரும் இதைத்தான் முதல் ரெண்டு வாரம் பண்ணுவாங்க, எக்ஸ் பக்கமே போக மாட்டோம்.

ஒரு சம் முழுசா போட்டு காட்டுங்க அக்கா

5எக்ஸ் − 7 ≤ 2எக்ஸ் + 8ன்னு வச்சுக்குவோம். ரெண்டு பக்கமும் 2எக்ஸ் கழிச்சா 3எக்ஸ் − 7 ≤ 8. ரெண்டு பக்கமும் 7 கூட்டினா 3எக்ஸ் ≤ 15. மூனால வகுத்தா எக்ஸ் ≤ 5. இப்ப செக் பண்ணணும், 5 போட்டா 18 ≤ 18, சரி. 0 போட்டா −7 ≤ 8, சரி. 6 போட்டா 23 ≤ 20, தப்பு, தப்பாத்தான் வரணும். மூனு நம்பர், அரை நிமிஷம், விடை நிச்சயம்.

நெகட்டிவ் நம்பரால வகுத்தா சின்னம் ஏன் திரும்புது? டீச்சர் ரூல்னு மட்டும் சொல்லிட்டாங்களாம்

ரூலா மனப்பாடம் பண்ணினா ரெண்டு மாசத்துல மறந்துடும், இல்லன்னா தேவையில்லாத இடத்துல திருப்பிடும். லிஃப்ட்டை நினைச்சுக்குங்க. நம்ம ஊர் ஷாப்பிங் மால் நிறையத்துல மேல மாடி இருக்கும், கீழ பி1, பி2, பி3ன்னு பேஸ்மென்ட் இருக்கும். மேல போகப் போக 2வது மாடியை விட 5வது மாடி உசரம். இப்ப தரையில ஒரு கண்ணாடி வச்ச மாதிரி எல்லாத்தையும் கீழ கவுத்துப் போடுங்க, 2 போய் பி2 ஆகும், 5 போய் பி5 ஆகும். எது உசரத்துல இருக்கு? பி2தான், பி5 ஆழத்துல கிடக்கு. 2 < 5 ஆக இருந்தது −2 > −5ன்னு ஆயிடுச்சு, நம்ம யாரும் திருப்பல, தானாவே திரும்பிடுச்சு. மைனஸால பெருக்குறது, வகுக்குறது ரெண்டுமே எண் கோட்டை பூஜ்ஜியத்துல பிடிச்சு அப்படியே கவுத்துப் போடுற வேலை, முன்னாடி தள்ளி நின்னது பின்னாடி போயிடும். கூட்டுறதும் கழிக்கிறதும் வெறும் நகத்துறது, எல்லாரும் சேர்ந்து ரெண்டு அடி நகந்தா யாரு முன்னாடி யாரு பின்னாடிங்கிறது மாறாதுல்ல, அதனால அங்க திருப்ப வேண்டியதில்ல.

7 − 2எக்ஸ் > 1 எடுத்துக்குவோம். 7 கழிச்சா −2எக்ஸ் > −6, மைனஸ் ரெண்டால வகுத்தா எக்ஸ் < 3. பயமா இருக்கிற பிள்ளைங்களுக்கு இன்னொரு வழி சொல்லுவேன், 2எக்ஸை அந்தப் பக்கம் கொண்டு போயிடு, 6 > 2எக்ஸ் ஆகும், அப்ப 3 > எக்ஸ், அதே விடை, திருப்புற வேலையே இல்லாம. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டுப் பாத்த பிள்ளைக்கு அப்புறம் சந்தேகமே வராது.

ஒன்னு மட்டும் கவனம். 3எக்ஸ் > −12ல மைனஸ் இருக்குதேன்னு திருப்பிடாதீங்க, நம்ம வகுக்குறது 3ஆல, அது பிளஸ், விடை எக்ஸ் > −4. மைனஸ் எங்க இருக்குங்கிறது விஷயமில்ல, எதால வகுக்குறோம்ங்கிறதுதான்.

எண் கோட்டுல எப்ப காலி வட்டம், எப்ப நிரப்பின வட்டம்?

< > ன்னா காலி, ≤ ≥ ன்னா நிரப்பணும். அப்புறம் விடை போற பக்கம் அம்பு. அம்புத் தலையை மறக்காம போடணும், இல்லன்னா அங்கயே முடிஞ்சதுன்னு அர்த்தமாயிடும்.

ரெண்டு சின்னம் சேர்ந்து வந்தா? நடுவுல எக்ஸ், ரெண்டு பக்கமும் எக்ஸ், என் மக அழுதுட்டா

அழ வேண்டாம்னு சொல்லுங்க, ரெண்டா உடைச்சா ரெண்டும் சின்ன சம்தான். எக்ஸ் − 4 < 3எக்ஸ் + 2 ≤ எக்ஸ் + 10ன்னு வச்சுக்குங்க. இடது பாதியை தனியா போட்டா −6 < 2எக்ஸ், எக்ஸ் > −3. வலது பாதியை தனியா போட்டா 2எக்ஸ் ≤ 8, எக்ஸ் ≤ 4. ரெண்டும் ஒரே நேரத்துல உண்மையா இருக்கணும், அதனால ஒரே எண் கோட்டுல ரெண்டு அம்பையும் மேல கீழ வரைஞ்சு எங்க ரெண்டும் மேல மேல விழுதோ அந்த இடத்தை எடுக்கணும், −3 < எக்ஸ் ≤ 4. இதுக்கு அடுத்த கேள்வியா "முழு எண்கள் (இன்டிஜர்) எத்தனை?"ன்னு கேப்பாங்க, −2, −1, 0, 1, 2, 3, 4, மொத்தம் ஏழு, பூஜ்ஜியத்தை எண்ணாம ஆறுன்னு எழுதிட்டு வர்ற பிள்ளைங்க நிறைய. −3 சேராது, அங்க காலி வட்டம்.

விடை தசமமா வந்தா ரவுண்ட் பண்ணலாமா?

கண்ணை மூடிட்டு பண்ணக்கூடாது. பஸ் கணக்கு ஒன்னு: ஒரு பஸ்ஸுல 40 பேர்தான் உக்காரலாம், 130 பேர் டூர் போகணும், குறைஞ்சது எத்தனை பஸ்? 40எக்ஸ் ≥ 130, எக்ஸ் ≥ 3.25. வழக்கம் போல ரவுண்ட் பண்ணி 3ன்னு எழுதினா பத்து பேர் ரோட்டுல நிப்பாங்க, விடை 4.

இப்ப எதிர்ப்பக்கம். கையில 50 வெள்ளி இருக்கு, விலைக்கு மேல ஜிஎஸ்டி 9 சதவீதம் (2024 ஜனவரில இருந்து 9), அதிகபட்சம் என்ன விலையுள்ள பொருளை வாங்கலாம்? 1.09எக்ஸ் ≤ 50, எக்ஸ் ≤ 45.871... இங்க கீழதான் இறங்கணும், 45 வெள்ளி 87 காசு. 45.88ன்னு எடுத்தா வரியோட சேர்த்து 50.01 ஆயிடும், ஒரு காசு பத்தாது. மேல ஏத்துறதா கீழ இறக்குறதாங்கிறதை கதைதான் சொல்லும், கால்குலேட்டர் சொல்லாது.

ஏ மேத்ஸ்ல எக்ஸ்² < 9க்கு எக்ஸ் < ±3ன்னு எழுதினா ஏன் தப்பு?

ஈக்குவேஷன் பழக்கம் அப்படியே கை வழியா வந்துடுது, அதான். எக்ஸ் < −3ம் அதுல அடங்கும்ல, −10 போட்டுப் பாருங்க, 100 < 9ஆ? இல்லையே. குவாட்ராட்டிக் வந்தா படம் போடாம நான் யாரையும் விட மாட்டேன். எல்லாத்தையும் ஒரு பக்கம் கொண்டு வந்து எக்ஸ்² − 9 < 0ன்னு எழுது, (எக்ஸ் − 3)(எக்ஸ் + 3)ன்னு காரணிப்படுத்து, −3லயும் 3லயும் கோட்டை வெட்டுற மாதிரி ஒரு சிரிச்ச வாய் வரை, முழுசா நேர்த்தியா வேண்டாம், வெட்டுற இடம் ரெண்டும் தெரிஞ்சா போதும். "பூஜ்ஜியத்தை விட கம்மி"ன்னா கோட்டுக்கு கீழ தொங்குற பகுதி எதுன்னு பாரு, நடுவுல இருக்கிறது, −3 < எக்ஸ் < 3. எக்ஸ்² > 9ன்னா கோட்டுக்கு மேல, ரெண்டு கை, எக்ஸ் < −3 அல்லது எக்ஸ் > 3. இந்த ரெண்டாவதை சேர்த்து 3 < எக்ஸ் < −3ன்னு எழுதுறாங்க பாருங்க, அது மூனை விட பெருசாவும் மைனஸ் மூனை விட சிறுசாவும் ஒரே நம்பர் இருக்குன்னு சொல்ற மாதிரி, அப்படி ஒரு நம்பரே கிடையாது. ரெண்டு துண்டுன்னா "அல்லது" எழுதித்தான் ஆகணும்.

எக்ஸ்² − 5எக்ஸ் + 6 < 0ம் இதே மாதிரி, (எக்ஸ் − 2)(எக்ஸ் − 3), நடுத்துண்டு, 2 < எக்ஸ் < 3. சில சமயம் எக்ஸ்² + 4 > 0ன்னு வரும், வாய் கோட்டைத் தொடவே தொடாது, மொத்தமும் மேலதான், எல்லா நம்பரும் விடை. எக்ஸ்² + 4 < 0ன்னா விடையே கிடையாது, அப்படி எழுதுறதுக்கு பயப்பட வேண்டாம்.

கீழ எக்ஸ் இருக்கிற பின்னம் வந்தா குறுக்குப் பெருக்கல் பண்ணலாமா?

கூடாது, இது ஜேசி பிள்ளைங்க விழுற பள்ளம். (எக்ஸ் + 1)/(எக்ஸ் − 2) ≥ 3ல எக்ஸ் − 2ஆல பெருக்கினா அது பிளஸா மைனஸான்னே தெரியாது, தெரியாத ஒன்னால பெருக்கினா சின்னம் திரும்பணுமா வேண்டாமான்னு எப்படி முடிவு பண்ணுவீங்க? குறுக்கா பெருக்கினா எக்ஸ் ≤ 3.5ன்னு வரும், சரி 0 போட்டுப் பாப்போம், இடது பக்கம் −0.5, அது மூனை விட பெருசா? இல்ல. அதனால மூனையும் இந்தப் பக்கம் கொண்டு வந்து ஒரே பின்னமாக்கணும், (7 − 2எக்ஸ்)/(எக்ஸ் − 2) ≥ 0. இப்ப மேலயும் கீழயும் ஒரே குறியா இருக்கணும், இல்ல மேல பூஜ்ஜியமா இருக்கணும், 2லயும் 3.5லயும் குறி மாறும், மூனு துண்டுலயும் ஒவ்வொரு நம்பர் போட்டுப் பாத்தா நடுத்துண்டு மட்டும்தான் நிக்கும், 2 < எக்ஸ் ≤ 3.5. 2க்கு சமம் போடக்கூடாது, கீழ பூஜ்ஜியம் ஆயிடும். (எக்ஸ் − 2)² ஆல பெருக்குறதும் நல்ல வழிதான், வர்க்கம் மைனஸ் ஆகாது.

மாடுலஸ் கோடு போட்டு வந்தா?

தூரம்னு படிங்க. |எக்ஸ் − 3| < 2ன்னா "3ல இருந்து ரெண்டு ஸ்டேஷனுக்கும் கம்மியான தூரம்", முன்னாடியும் போகலாம் பின்னாடியும் போகலாம், 1 < எக்ஸ் < 5.

எக்ஸும் ஒய்யும் சேர்ந்து வர்றது, கிராஃப்ல ஷேட் பண்றது, அது எப்படி? இதெல்லாம் எங்க உதவும்?

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது, ஐஜிசிஎஸ்ஈ (இன்டர்நேஷனல் ஸ்கூல் பரீட்சை) படிக்கிற பிள்ளைங்க கண்டிப்பா பாக்குற பகுதியும் கூட. ஒரு எக்ஸ் மட்டும் இருந்தா விடை கோட்டுல ஒரு துண்டு, ரெண்டு இருந்தா விடை தாள்ல ஒரு பரப்பு.

தீபாவளி கணக்கு ஒன்னு போடுவோம். ஒரு அக்கா வீட்டுல பலகாரம் செஞ்சு விக்கிறாங்கன்னு வச்சுக்குங்க. முறுக்கு ஒரு டின் செய்ய 1 மணி நேரம், அதிரசம் ஒரு டின்னுக்கு 2 மணி நேரம், கையில 12 மணி நேரம் இருக்கு. டின் மொத்தமே 8தான் இருக்கு. முறுக்கு டின் எக்ஸ், அதிரசம் டின் ஒய். அப்ப எக்ஸ் + 2ஒய் ≤ 12, எக்ஸ் + ஒய் ≤ 8, எக்ஸ் ≥ 0, ஒய் ≥ 0.

முதல்ல ≤ஐ = ஆக்கி கோடு போடணும். எக்ஸ் + 2ஒய் = 12 கோடு (12, 0)லயும் (0, 6)லயும் போகும். சமம் சேருதுன்னா முழுக்கோடு, வெறும் < ன்னா விட்டு விட்டு புள்ளிக்கோடு. இப்ப கோட்டுக்கு எந்தப் பக்கம்? ஒரு புள்ளியை எடுத்துப் போடுங்க, (0, 0) ரொம்ப வசதி, 0 ≤ 12 உண்மை, அதனால பூஜ்ஜியம் இருக்கிற பக்கம். கோடே (0, 0) வழியா போனா மட்டும் வேற புள்ளி எடுக்கணும், உதாரணமா ஒய் > 2எக்ஸுக்கு (1, 0) போட்டா 0 > 2, பொய், அப்ப மறுபக்கம். ஒய் > ன்னாலே மேல, < ன்னாலே கீழன்னு ஷார்ட்கட் சொல்லுவாங்க, ஒய் தனியா இடது பக்கம் நின்னாதான் அது சரி, எனக்கு புள்ளி போட்டுப் பாக்குறதுதான் நம்பிக்கை.

எல்லாக் கோட்டையும் போட்டா நாலு மூலை உள்ள ஒரு பரப்பு கிடைக்கும், மூலைங்க (0, 0), (8, 0), (4, 4), (0, 6). அந்த அக்காவால செய்ய முடியுறது எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு, வெளிய இருக்கிற எந்தப் புள்ளியும் நேரம் பத்தாம போயிடும், இல்லன்னா டின் பத்தாம போயிடும். முறுக்கு டின்னுக்கு 4 வெள்ளி லாபம், அதிரசத்துக்கு 6 வெள்ளின்னா எத்தனை எத்தனை செய்யணும்? லாபம் 4எக்ஸ் + 6ஒய், அதிகமா வர்ற இடம் எப்பவும் ஒரு மூலையில இருக்கும். (8, 0)ல 32, (0, 6)ல 36, (4, 4)ல 40. நாலு நாலு. அதிரசத்துல லாபம் அதிகம்னு அதை மட்டுமே செஞ்சிருந்தா நாலு வெள்ளி விட்டுப் போயிருக்கும். மூலைக்கு மூலை போய்ப் பாக்குற இந்த வேலையை ஆயிரக்கணக்கான மாறிகளுக்கும் செய்ற மாதிரி ஒரு முறையா கொண்டு வந்தவர் ஜார்ஜ் டான்ட்சிக், 1947ல, சிம்ப்ளெக்ஸ் முறைன்னு பேரு. இதையும் இதோட அண்ணன் தம்பி முறைகளையும் வச்சுத்தான் ஏர்லைன் சிப்பந்திங்களுக்கு டூட்டி போடுறது, சரக்கை எந்த வழியா அனுப்புறதுங்கிறது மாதிரி வேலை எல்லாம் நடக்குது.

ஷேட் பண்றதுக்கு முன்னாடி கேள்வியை ரெண்டு தடவை படிங்க. சில தாள்ல வேண்டிய பகுதியை ஷேட் பண்ணச் சொல்லுவாங்க, சில தாள்ல வேண்டாத பகுதியை ஷேட் பண்ணிட்டு மிச்சத்துல ஆர் (R)ங்கிற எழுத்தை எழுதச் சொல்லுவாங்க. கணக்கு எல்லாம் சரியா போட்டுட்டு இதுல மார்க் விட்டா மனசு ரொம்ப கஷ்டப்படும்.

வீட்டுல கிராஃப் பாக்க ஏதாவது ஆப் இருக்கா?

டெஸ்மாஸ், காசு கிடையாது, போன்லயே ஓடும். அசமன்பாட்டை டைப் பண்ணினா தானா ஷேட் பண்ணும், < போட்டா புள்ளிக்கோடு, ≤ போட்டா முழுக்கோடு. ஆனா பிள்ளை முதல்ல தாள்ல வரையட்டும், அப்புறம் போன்ல சரி பாக்கட்டும்.

டியூஷனுக்கு நிறைய செலவாகுது அக்கா

சிண்டாவோட (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) ஸ்டெப் டியூஷன் விசாரிச்சுப் பாருங்க, செக்கண்டரி பிள்ளைங்களுக்கும் இருக்கு.

நான் கணக்கு பெருசா படிக்கல, அதுவும் ஊர்ல தமிழ் மீடியம். பிள்ளை போட்டது சரியான்னு நான் எப்படிப் பாக்குறது?

உங்களால முடியும், நிஜமாவே முடியும். நீங்க சம் போட வேண்டாம். பிள்ளை கடைசி வரியில எக்ஸ் < 3ன்னு எழுதியிருக்கா? மூனு நம்பர் கேளுங்க: அந்த எல்லை நம்பர் 3, அதுக்கு உள்ள ஒன்னு, வெளிய ஒன்னு. "3 போட்டா என்ன வருது, 0 போட்டா என்ன வருது, 5 போட்டா என்ன வருது, கேள்வியில இருக்கிற முதல் வரியில போட்டு எனக்குக் காட்டு"ன்னு சொல்லுங்க. மேல இருந்த 7 − 2எக்ஸ் > 1லயே பாருங்க. 0 போட்டா 7 > 1, சரி. 5 போட்டா −3 > 1, தப்பு. 3 போட்டா 1 > 1, அதுவும் தப்பு, அதனால காலி வட்டம். உள்ள இருக்கிறது சரியா வரணும், வெளிய இருக்கிறது தப்பா வரணும், எல்லை நம்பர் வட்டத்தோட ஒத்துப் போகணும். ஒன்னு இடிச்சாலும் எங்கயோ சின்னம் திரும்பாம விட்டிருக்கும், இல்ல தேவையில்லாம திரும்பியிருக்கும், எந்த வரின்னு பிள்ளையே தேடிக் கண்டுபிடிச்சிடும், நீங்க பக்கத்துல உக்காந்திருந்தா போதும்.